துப்பறிவாளருக்கும் உரிமம் வேண்டும்

துப்பறியும் நாவல்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு கேள்வி. சுஜாதாவின் கணேஷ்–வசந்த், தமிழ்வாணனின் சங்கர்லால், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா ஆகியோர் மலேசியாவுக்கு வந்து தொழில் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். இவர்களில் யார் யார் அரசாங்கத்திடம் துப்பறிவாளர் உரிமம் பெற வேண்டும்?

விளையாட்டாகத் தோன்றினாலும், சட்டம் எங்கே கோடு கிழிக்கிறது என்பதை இதைவிட எளிதாக விளக்க எனக்குத் தெரியவில்லை. விவேக் குற்றப்பிரிவு அதிகாரி. அரசு ஊழியர் தம் கடமையாகச் செய்யும் விசாரணைக்குத் தனி உரிமம் தேவையில்லை. போலீஸ் சட்டமும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் அவருக்குப் போதும். கணேஷும் வசந்தும் வழக்கறிஞர்கள். கட்சிக்காரருக்காக உண்மைகளைத் திரட்டுவது அவர்கள் தொழிலின் ஒரு பகுதி. ஆண்டுதோறும் வழக்கறிஞர் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டால் சரி. சங்கர்லாலும், ‘மூன்லைட்’ என்று பலகை மாட்டிக் கட்டணம் வாங்கும் பரத்–சுசீலாவும்தான் உள்துறை அமைச்சின் கதவைத் தட்ட வேண்டியவர்கள்.

நம் நாட்டில் இதற்கான சட்டம் 1971-ஆம் ஆண்டின் தனியார் முகவாண்மைச் சட்டம். மலாயில் ‘அக்தா அகென்சி பெர்செண்டிரியான்’. சட்ட வரிசையில் 27-ஆம் எண். இந்தச் சட்டம் இரண்டு தொழில்களை ஒரே குடையின்கீழ் கொண்டுவருகிறது. ஒன்று, கூலிக்குப் பாதுகாவலர்களை அனுப்பும் தொழில். நம்மவர்கள் ‘ஜாகா கம்பெனி’ என்று சொல்வது. மற்றொன்று, பிறருடைய நடத்தையையும் நடவடிக்கைகளையும் பற்றிய தகவலைக் கூலிக்குச் சேகரித்துக் கொடுக்கும் தொழில். வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்பவரும், கணவன் மாலையில் எங்கே போகிறார் என்று காரில் பின்தொடர்பவரும் ஒரே சட்டத்துக்குள் வருவது முதலில் வியப்பாக இருக்கும். ஆனால் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. காவல் காப்பதும் புலன் விசாரிப்பதும் அடிப்படையில் போலீசின் வேலை. அந்த வேலையின் ஒரு துண்டைத் தனியார் காசுக்குச் செய்யும்போது, அவர் யார், பின்னணி என்ன என்று அரசாங்கம் தெரிந்துகொள்ள விரும்புகிறது. அதனால்தான் விண்ணப்பிப்பவரைப் போலீஸ் வழியாகச் சலித்துப் பார்க்கிறார்கள். உரிமத்துக்குக் காலவரையும் நிபந்தனைகளும் உண்டு. மீறினால் பறிக்கவும் முடியும்.

பாரிட் புந்தார்க்காரர்களுக்கு இதில் ஒரு தனி வசதி. கிரியான் ஆற்றைக் கடந்தால் பண்டார் பாரு, அது கெடா. இன்னொரு பக்கம் சிறிது தூரம் போனால் நிபோங் திபால், அது பினாங்கு. மூன்று மாநிலங்கள் சந்திக்கும் இடத்தில் இருக்கிறோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு சட்டமோ என்ற சந்தேகம் எழலாம். வேண்டாம். போலீசும் உள்நாட்டுப் பாதுகாப்பும் மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு, சட்டம் ஒன்றுதான்.

இந்தச் சட்டத்தின் அச்சாணி ‘கூலி’. இதைப் பிடித்துக்கொண்டால் யாருக்கு உரிமம் வேண்டாம் என்பது பாதி புரிந்துவிடும். உங்கள் பெரியம்மா மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்கிறார். கோயில் திருவிழாவில் இரண்டு பேரிடம், முடிதிருத்தும் கடையில் பெரியப்பா மூலம் ஒருவரிடம், பழைய தண்டல் மகனிடம் தொலைபேசியில் ஒரு மணி நேரம். இரண்டே நாளில் பையனின் சம்பளம், குடிப்பழக்கம், அவன் தாத்தா எந்தத் தோட்டத்தில் யாரோடு சண்டை போட்டார் என்பது வரை வந்துவிடும். எந்தத் துப்பறியும் நிறுவனமும் இந்த வேகத்துக்கு ஈடாகாது. ஆனால் பெரியம்மா தொழில் நடத்தவில்லை, காசு வாங்கவில்லை. எனவே சட்டம் அவரைத் தொடுவதில்லை. 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடப்புக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சொந்த, குடும்ப, இல்லற விவகாரங்களுக்காக ஒருவர் வைத்துக்கொள்ளும் தகவல்களுக்கு விலக்கு அளிக்கிறது. பெரியம்மாவுக்கு இரட்டைப் பாதுகாப்பு!

கல்யாணத் தரகர்? அவர் கமிஷன் வாங்குகிறாரே, அவரும் தகவல் சொல்கிறாரே என்று கேட்பீர்கள். அவர் காசு வாங்குவது ஜோடி சேர்ப்பதற்கு. ‘தரகு வேண்டாம், அந்தப் பையனை ஒரு வாரம் கவனித்து அறிக்கை கொடுங்கள், இவ்வளவு தருகிறேன்’ என்று பேசி அவரும் ஒப்புக்கொண்டால், அவர் தரகு வேலையை விட்டுத் துப்பறியும் வேலைக்குள் காலை வைத்துவிட்டார் என்பது என் கருத்து.

இவர்களைத் தவிர, பிறரைப் பற்றிய தகவலைச் சேகரித்தே பிழைக்கும் வேறு சிலரும் இருக்கிறார்கள். காப்புறுதி இழப்பீடு கேட்டால் விபத்து உண்மையா என்று பார்க்க ஒருவர் வருவார். அந்த இழப்பு மதிப்பீட்டாளர் 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டத்தின் கீழ் பேங்க் நெகாராவின் கண்காணிப்பில் இருப்பவர். கடன் கேட்கும்போது நம் கடன் வரலாற்றை வங்கிக்குச் சொல்லும் நிறுவனங்களுக்கு 2010-ஆம் ஆண்டின் கடன் தகவல் முகவாண்மைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஓர் எஜமானச் சட்டம். எந்த எஜமானும் இல்லாமல், கூலிக்குப் பிறர் வாழ்க்கைக்குள் எட்டிப் பார்ப்பவருக்குத்தான் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் எஜமான். ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கறிஞர் தாமே உண்மைகளைத் திரட்டலாம் என்பதால், அவர் கூலி கொடுத்து வெளியிலிருந்து அமர்த்தும் ஆளும் வழக்கறிஞர் ஆகிவிட மாட்டார். அந்த ஆளுக்கு உரிமம் வேண்டும்.

மற்ற நாடுகளில் இந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பார்ப்பதும் சுவையானது. சிங்கப்பூரில் உரிமம் வழங்குவது காவல் துறையே. பிரிட்டன் 2001-இல் இயற்றிய தனியார் பாதுகாப்புத் தொழில் சட்டத்தில் தனியார் துப்பறிவாளர்களுக்கான பகுதியும், அதில் தெளிவான விலக்குப் பட்டியலும் உண்டு. வழக்கறிஞர்கள், கணக்காய்வாளர்கள், பத்திரிகைக்காகத் தகவல் திரட்டுபவர்கள், சந்தை ஆய்வு செய்பவர்கள், கடன் தகுதி பார்ப்பவர்கள், பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் பதிவேடுகளை மட்டும் புரட்டுபவர்கள் எல்லாரும் விலக்குப் பெற்றவர்கள். படிக்க அழகான பட்டியல். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பகுதி இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. 2013-இல் உள்துறை அமைச்சராக இருந்த தெரேசா மே இனி உரிமம் கட்டாயமாகும் என்று அறிவித்த பிறகும் வரவில்லை. விதி இல்லாமலே விலக்கு இருக்கும் நாடு அது.

தாய்த் தமிழகத்தில்? இந்தியாவில் பாதுகாவலர் நிறுவனங்களுக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. துப்பறிவாளர்களுக்கென்று 2007-இல் ஒரு மசோதா ராஜ்ய சபையில் அறிமுகமாகி, ஆண்டுக்கணக்கில் கிடந்து, 2020-இல் திரும்பப் பெறப்பட்டது. ஆக, அங்கே அடுக்குமாடி வாசலில் நிற்கும் காவலாளியை அனுப்பும் நிறுவனத்துக்கு உரிமம் வேண்டும். அதே அடுக்குமாடியில் குடியிருப்பவரை வேவு பார்க்க வேண்டாம். அதற்காக அங்கே எதுவும் செய்யலாம் என்று பொருளில்லை. 2018-இல் மகாராஷ்டிராவின் தாணே போலீசார், கைப்பேசி அழைப்புப் பதிவுகளைச் சட்டவிரோதமாக வாங்கி விற்றதாகத் தனியார் துப்பறிவாளர்கள் பலரைக் கைது செய்தனர். உரிமச் சட்டம் இல்லாத இடத்திலும் குற்றவியல் சட்டம் இருக்கிறது.

நம் மக்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இந்த இடத்தில்தான். உரிமம் என்றால் அதிகாரம் என்று நினைக்கிறார்கள். அது அதிகாரமே இல்லை. உரிமம் பெற்ற துப்பறிவாளர் ஒரு வீட்டுக்குள் அனுமதியின்றி நுழைய முடியாது. ஒருவரை நிறுத்தி அடையாள அட்டையைக் கேட்க முடியாது. தம் கண்ணெதிரே பெரிய குற்றம் நடந்தால் குற்றவாளியைப் பிடித்துப் போலீசிடம் ஒப்படைக்கலாம். அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு எந்தக் குடிமகனுக்கும் கொடுக்கும் உரிமை. உங்களுக்கும் எனக்கும் உள்ளதுதான். தாம் போலீஸ் என்று சொல்லிக்கொண்டால் தண்டனைச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு. தொலைபேசி உரையாடலை ஒட்டுக் கேட்டால் 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234-ஆம் பிரிவு. ஒரு நிறுவனத்தின் கைவசமுள்ள ஒருவரது தரவுகளை அதன் சம்மதமின்றித் தெரிந்தே எடுத்தால், தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 130-ஆம் பிரிவின்படி ஐந்து லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். இவை எதிலிருந்தும் உரிமம் காப்பாற்றாது.

2023-இல் இன்னொன்றும் சேர்ந்தது. தண்டனைச் சட்டத்தில் 507ஏ என்ற புதிய பிரிவு, ஒருவருக்கு அச்சமோ கலக்கமோ உண்டாகும் வகையில் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதைக் குற்றமாக்கியது. மூன்று ஆண்டு வரை சிறை. பெண்களைத் துரத்தித் தொல்லை கொடுப்பவர்களை எண்ணி வந்த சட்டம் இது. மிகவும் தேவையான சட்டம். ஆனால் பின்தொடர்வதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது கத்தி முனை. தெரியாமல் பார்ப்பது வேறு. எதிராளி கவனித்து, பயந்து, அதன் பிறகும் வாசலில் கார் நிற்பது வேறு.

இந்தத் தொழிலின் எல்லையை நம் நாடே கண்ட ஒரு வழக்கு உண்டு. அதில் நின்றவர் நம்மவர். பி. பாலசுப்பிரமணியம் 1981-இல் கான்ஸ்டபிளாகப் போலீசில் சேர்ந்து, சிறப்புப் பிரிவில் இருந்தபோது 1998-இல் விலகி, தனியார் துப்பறிவாளராகப் பிழைப்பு நடத்தியவர். 2006-இல் அப்துல் ரசாக் பகிண்டா அவரை வேலைக்கு அமர்த்தினார். மங்கோலியப் பெண் அல்தான்துயா தொடர்பாக வந்த சிக்கலில் வீட்டையும் குடும்பத்தையும் கவனித்துக்கொள்ளும் வேலை. அந்த ஆண்டு அக்டோபரில் அல்தான்துயா கொல்லப்பட்டார். 2007 ஜூனில் ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியபோது பாலசுப்பிரமணியம் அரசுத் தரப்பின் முதல் சாட்சி. அந்தப் பெண் கடைசியாக அந்த வீட்டின் முன் வந்ததையும், காரில் அழைத்துச் செல்லப்பட்டதையும் பார்த்தவர் அவர். ரசாக் பகிண்டா 2008 அக்டோபரில் விடுவிக்கப்பட்டார். போலீஸ்காரர்கள் இருவர் 2009-இல் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டு, 2013-இல் மேல்முறையீட்டில் விடுதலையாகி, 2015 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றத்தில் மீண்டும் குற்றவாளிகளாக உறுதி செய்யப்பட்டார்கள்.

2008 ஜூலை 3-ஆம் தேதி பாலசுப்பிரமணியம் ஒரு சத்தியப் பிரமாணத்தை வெளியிட்டார். மறுநாளே அதை மறுக்கும் இன்னொன்று வந்தது. பிறகு குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போனார். திரும்பி வந்த சில காலத்திலேயே, 2013 மார்ச்சில் மாரடைப்பால் காலமானார். இரண்டு பிரமாணங்களில் எது சரி என்ற அரசியல் விவாதம் இன்றும் ஓயவில்லை; அதற்குள் போக இது இடமில்லை. சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டியது வேறொன்று. துப்பறிவாளரின் வேலை பார்ப்பது, நினைவில் வைப்பது, கேட்கும்போது சொல்வது. அந்த இரவில் அவர் செய்ய முடிந்ததும் அதுதான். பார்த்ததைச் சொன்ன பிறகு, வழக்கறிஞருக்கோ போலீசுக்கோ பின்னால் நிற்பதைப் போன்ற ஒரு துறை, ஒரு மன்றம் தனியாகத் தொழில் செய்யும் துப்பறிவாளருக்குப் பின்னால் நிற்பதில்லை. உரிமச் சட்டம் பொதுமக்களைத் துப்பறிவாளரிடமிருந்து காக்க எழுதப்பட்டது. துப்பறிவாளரைக் காக்க அல்ல.

இனி ஊர் விஷயத்துக்கு வருகிறேன். கிரியான் வட்டாரத்தில் கரும்புத் தோட்டக் காலம் முதல் நம்மவர்கள் இருக்கிறார்கள். லயத்தில் வாழ்ந்தவரை யாரும் யாரையும் விசாரிக்க ஆள் வைக்கத் தேவையிருக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் தாமான்களுக்கும், பிள்ளைகள் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போன பிறகு, பெரியம்மாவின் வலைப்பின்னல் அறுந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாத இடத்தில் மாப்பிள்ளையைப் பற்றி யாரிடம் கேட்பது? அந்த இடைவெளியில்தான் ‘ரகசிய விசாரணை, திருமணத்துக்கு முன், திருமணத்துக்குப் பின்’ என்ற விளம்பரங்கள் நுழைகின்றன.

இங்கே வழக்கறிஞராகத் தொழில் செய்யும் என்னிடம் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்கா வந்தார். மகளுக்கு நிச்சயமான பையன் ஜொகூரில் வேலை பார்க்கிறான். ஏதோ சந்தேகம் தட்டி, தெரிந்தவர் சொன்ன ஒருவரை அமர்த்தி 3,500 ரிங்கிட் முன்பணம் கொடுத்திருக்கிறார். பத்து நாளில் புகைப்படங்கள் வந்தன. கூடவே பையனின் மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கையும் வந்தது.

“இது எப்படிக் கிடைத்தது என்று கேட்டீர்களா, அக்கா?”

“அவருக்கு உள்ளே ஆள் இருக்காம், தம்பி. அவர் போலீஸ்தானே? கார்டு காட்டினாரே!”

ரசீது இல்லை. ஒப்பந்தம் இல்லை. காட்டிய அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று நினைவில்லை. கையில் ஒரு கைப்பேசி எண் மட்டும். அதை அழைத்து உரிம எண்ணைக் கேட்டேன். மறுநாளிலிருந்து அந்த எண் உயிரோடு இல்லை. இதற்குள் பையனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தன்னை யாரோ தொடர்ந்து வந்ததையும், தன் வங்கி அறிக்கை வெளியே போனதையும் வைத்துப் போலீசில் புகார் செய்யப் போவதாகச் சொன்னான். அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. வங்கி வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை வெளியிடுவது நிதிச் சேவைகள் சட்டத்தின் 133-ஆம் பிரிவின்படி குற்றம். குற்றத்தைச் செய்தவர் ஒருவர் என்றால், காசு கொடுத்துச் செய்யச் சொன்னவரைத் தண்டனைச் சட்டத்தில் ‘உடந்தை’ என்பார்கள். அக்கா அறிக்கையைக் கேட்கவில்லை, அது தானாக வந்தது என்பதுதான் அவரைக் காப்பாற்றியது. இரு வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசி, தாள்களைத் திருப்பிக் கொடுத்து முடித்தோம். நிச்சயம் முறிந்தது. முன்பணம் போனது போனதுதான்.

‘சந்தேகம் சரியாகத்தான் இருந்ததா?’ என்று எல்லாரும் கேட்கிறார்கள். அந்தப் புகைப்படங்களை வைத்து யாராலும் எதையும் சொல்ல முடியாது. ஒரு பையன் ஒரு பெண்ணோடு உணவுக்கடையில் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவே.

விவாகரத்து வழக்குகளில் நிலைமை இன்னும் சிக்கலானது. முஸ்லிம் அல்லாதோருக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தில் கணவனோ மனைவியோ செய்த பிறன்மனை உறவை மணமுறிவுக்குச் சான்றாகக் காட்டலாம். 58-ஆம் பிரிவின்படி அந்த மூன்றாம் நபரையும் வழக்கில் சேர்த்து இழப்பீடு கேட்கலாம். துப்பறிவாளரைத் தேடி ஓடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆனால் துப்பறிவாளர் எழுதிக் கொடுக்கும் அறிக்கை மட்டும் சாட்சியம் ஆகாது. பார்த்தவர் கூண்டில் ஏறி, பார்த்ததைச் சொல்லி, எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணையைத் தாங்க வேண்டும். அந்தக் குறுக்கு விசாரணையில் நான் கேட்கும் முதல் கேள்வியே “உங்கள் உரிம எண் என்ன?” என்பதாகத்தான் இருக்கும். உரிமம் இல்லாதவர் கூண்டில் ஏறித் தம் தொழிலைச் சொல்வதே தம் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். அதனால் அவர் வரமாட்டார். மலிவாக அமர்த்திய துப்பறிவாளர் தேவையான நாளில் காணாமல் போவதன் ரகசியம் இதுதான்.

முறைகேடாகக் கிடைத்த ஆதாரத்தை நீதிமன்றம் தூக்கி எறிந்துவிடும் என்றும் நம்பாதீர்கள். கென்யாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் பிரிவி கவுன்சில் 1955-இல் சொன்னதையே நம் நீதிமன்றங்களும் பின்பற்றி வந்திருக்கின்றன. ஆதாரம் வழக்குக்குப் பொருத்தமானதா என்பதே முதல் கேள்வி, எப்படிக் கிடைத்தது என்பது அல்ல. ஆகவே ஆதாரம் உள்ளே போகலாம். அதைக் கொண்டுவந்தவரும் அனுப்பியவரும் வேறொரு வழக்கில் உள்ளே போகலாம். இரண்டும் தனித்தனிக் கணக்கு.

துப்பறிவாளர் தேவைப்படும் நியாயமான சூழல்கள் இருக்கின்றன. காணாமல் போன தகப்பனைத் தேடுவது, சம்மன் சார்பு செய்ய முகவரி கண்டுபிடிப்பது, கடைப் பணத்தைக் கையாடும் ஊழியரைக் கவனிப்பது போன்றவை. அப்போது நிறுவனத்தின் பெயரையும் உரிம எண்ணையும் வாங்கி, கே.டி.என். எனப்படும் உள்துறை அமைச்சில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பாதுகாவலர் சேவைக்கு உரிமம் வைத்திருக்கும் நிறுவனம் துப்பறியும் சேவைக்கும் அனுமதி பெற்றிருக்கிறதா என்பதைத் தனியாகக் கேளுங்கள். என்ன செய்யச் சொல்கிறோம், எதைச் செய்யக் கூடாது என்பதை எழுத்தில் வையுங்கள். வங்கிக் கணக்கு, தொலைபேசிப் பதிவு, மருத்துவப் பதிவு மூன்றும் வேண்டாம் என்று ஒரு வரி அவசியம். தேவைப்பட்டால் யார் சாட்சி சொல்ல வருவார், அதற்குக் கட்டணம் எவ்வளவு என்பதையும் அதே தாளில் எழுதி, கையொப்பத்துக்குப் பிறகு முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.